மூன்றாவது வரி

பம்பலப்பிட்டியில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை.
தையற்கடைக்கு மேலே ஓர் அறை.
நாற்பது கதிரைகள். எல்லாவற்றின் முதுகிலும்
மலர்ச்சாலையின் பெயர், தொலைபேசி இலக்கம்,
இருபத்துநாலு மணிநேரச் சேவை.
வாடகை மலிவு. வெள்ளிக்கிழமைகளில்
சனம் அவ்வளவாகச் சாவதில்லை என்கிறான்
கதிரை கொண்டுவருகிறவன்.

நான் ஒலிக்காரன். ஆறு வழி மிக்ஸர்,
அதில் நாலாவது கரகரக்கும்.
மெலிற்றாவுக்கு முதல் தரம் தவறுதலாய் அதைக் கொடுத்தேன்.
பிறகு அவளே கேட்டாள்:
"அண்ணை, அந்தக் கரகரப்பு இருக்கட்டும்."

போன ஐப்பசியில் எட்டுப் பேர்,
அதிலும் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கினவர்கள்.
இன்றைக்குப் படிக்கட்டிலும் இருக்கிறார்கள்,
செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு.

மட்டக்குளியில் தகப்பனுக்கு வான் திருத்தும் கராஜ்.
அங்கே களவெடுத்த பதினேழாம் நம்பர் சொக்கற்
இடது சுண்டுவிரலில் மாட்டியிருக்கிறாள்.
அதைக் கம்பியில் வைத்து இழுத்தால்
சுரம் நின்ற இடத்தில் நிற்காது.
வழுக்கிப் போய் அடுத்ததின் வாசலில் தயங்கி
உள்ளே போகாமலே திரும்பி வரும்,
கடன் கேட்கப் போனவன் மாதிரி.

அவள் பாட்டெல்லாம் மூன்று வரிக் கணக்கு.
ஒரு வரி சொல்வாள். அதையே திரும்பச் சொல்வாள்.
முதல் தரம் அது செய்தி.
இரண்டாம் தரம் அவளுக்கே சந்தேகம்.
மூன்றாவதில் ஏதாவது உடையும்.

"செட்டியார் தெருவில வைச்சன் என்ர கிற்றாரை,
ஓம், செட்டியார் தெருவில வைச்சன் என்ர கிற்றாரை,
வட்டி கட்டப் பாட வந்தன், இரவல் கிற்றாரோட."

அறை முழுக்கச் சிரித்தது.
ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.
அடகுக்கடைக் கணக்கப்பிள்ளை என்று பிறகு தெரிந்தது.
ரிக்கற் எடுத்துத்தான் வந்திருந்தார்.

கடைசிப் பாட்டு புதுசு,
நூற்றைம்பத்தைந்து பஸ்ஸில் நின்றபடி எழுதியது:

"தண்டவாளத்துக்கு அங்கால கடல், இங்கால நான்,
தண்டவாளத்துக்கு அங்கால கடல், இங்கால நான்"

மூன்றாவது வரவில்லை.
கை சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது.
வாய் திறந்து மூடுகிறது.
என் காதுக்குள், ஹெட்போனில் மட்டும்,
மிகச் சின்னதாய்: "ஐயோ யேசுவே."
நாலாவதை மெல்ல இறக்கினேன்.

அப்போதுதான் வந்தது,
எட்டு ஐந்துக்கு வரவேண்டிய பாணந்துறை ரயில்,
எட்டு ஐம்பத்திரண்டுக்கு.
ஜன்னல் அதிர்ந்தது, சோடாக் கிளாஸ் அதிர்ந்தது,
மலர்ச்சாலைக் கதிரைகள் ஆட்களோடு அதிர்ந்தன.
அவள் கண்ணை மூடி
சொக்கற்றை ரயிலுக்குப் பின்னாலேயே இழுத்தாள்,
வெள்ளவத்தை தாண்டும் வரைக்கும் விடவில்லை.

சனம் எழும்பி நின்றது.
என்ன யோசனை பார், என்றார் ஒருவர் மனைவியிடம்,
நேரம் பார்த்துப் பாட்டை அமைச்சிருக்கிறாள்.
நான் வாய் திறக்கவில்லை.

கோட் போட்ட ஒருவர் மேலே வந்தார்,
காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து.
அடுத்த மாதம், குளிரூட்டிய மண்டபம், முந்நூறு பேர்.
"எல்லாம் அப்படியே வேண்டும்.
அந்த ரயிலை மட்டும் பதிவுசெய்து கொண்டுவரலாமா?"
மெலிற்றா என்னைப் பார்த்தாள்.
நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
"கொண்டுவரலாம்," என்றாள்.
"ஆனா அது பிந்தித்தான் வரும்."

பிறகு கதிரைகளை அடுக்கினோம், பத்துப் பத்தாய்.
விடிய ஆறு மணிக்கு
கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு அவை வேண்டுமாம்.
ஓர் அடுக்கைத் தான் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.
பாதிப் படியிலிருந்து சத்தம் போட்டாள்:
"அண்ணை! அந்த வரி ஞாபகம் வந்திட்டுது!"
"சொல்லு," என்றேன்.

கதிரைக் கால்கள் சுவரில் உரசும் ஓசை மட்டும்
கீழே, கீழே போயிற்று.
தையற்காரரும் கேட்டிருக்கிறார்.
அவருக்கும் சொல்லவில்லை.